மச்சான் பார்த்த ஊர்கள்

தாஜ்மகாலை நான் நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கினேன். தெற்கு ரத வீதியில் ஃபேன்சி கடை வைத்திருக்கும் ரசூல் முந்நூற்றைம்பது சொன்னார். நாலு மினாரில் ஒன்று சாய்ந்திருக்கிறதே என்று நான் விரலை வைத்துக் காட்டினேன். அசல் தாஜ்மகாலிலேயே மினாரைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள், விழுந்தாலும் வெளியே விழட்டும் என்று, என்றார் ரசூல். அப்படியானால் மீதி மூன்றும் நேராக நிற்பது பிழைதானே, பிழை ஒன்றுக்கு இவ்வளவு என்று கழியும் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், தாஜ்மகாலை ஒருமுறை பார்த்தார், செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

அதோடு ஒரு பூமி உருண்டை, படகு மிதக்கும் காஷ்மீர் ஏரிப் படம் ஒன்று, மரத்தில் செய்த கேரளப் படகு, மினுக்கு விளக்குச் சரம். கடைசியில் ரசூல் தாமாகவே ஒரு இரும்புக் கோபுரத்தை எடுத்து மேலே வைத்தார். மூன்று வருடமாகப் போணியாகாமல் நிற்கிறதாம். பாரிஸ் என்றார். நான் ஏதோ செல்போன் கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குக் கொடுத்தது என்று நினைத்திருந்தேன்.

இவ்வளவும் எதற்கு என்றால், என் மச்சான் எங்கள் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்கு.

மச்சான் பெயர் கருத்தப்பாண்டி. என் மனைவி பொன்செல்விக்கு உடன்பிறந்த ஒரே அண்ணன். நான் புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருக்கிறேன்; குடியிருப்பு சங்கரன்கோவிலில், விசைத்தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும் ஒரு தெருவில். என் லாரியை ஓட்டியவர் மச்சான்தான். எலுமிச்சை பார்வைக்கு உறுதியான காய். தார்ப்பாய்க்குள் வெக்கை ஏறிவிட்டால் மூட்டையோடு வெந்து ஒழுகும். மச்சான் இருட்டியதும் தார்ப்பாயின் பக்கங்களைத் தூக்கிக் கட்டுவார், காற்று உள்ளே ஓடும். வெயில் வருமுன் இறங்கி மறுபடி மூடுவார். டெல்லி வியாபாரி மூட்டையைப் பிரித்துக் காயை மூக்கில் வைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வான். அந்த மூக்குக்கு முன்னால் என் காய் ஒருநாளும் தலைகுனிந்ததில்லை. பேச்சிராஜ் சரக்கென்றால் நம்பி வாங்கலாம் என்று வடக்கே பெயர். பேச்சிராஜ் நான்தான். நான் இங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

போன வருடம் நாக்பூருக்கு இந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை ஸ்டியரிங்கிலிருந்து தானாக நழுவியிருக்கிறது. இடது கையாலேயே வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, விளக்கைச் சிமிட்ட விட்டு, எனக்குப் போன் செய்தார். குரல் குழறியது. உடம்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"மாப்ள, வேற டிரைவர அனுப்பும் வே. காய் வெந்துரும்."

மகாராஷ்டிராவில் மருத்துவம் முடிந்து ரயிலில் கொண்டுவந்து இறக்கினோம். பேச்சு திரும்பிவிட்டது. கம்பு ஊன்றி நாலடி நடப்பார். வலது கைதான் திரும்பவில்லை. தோளில் மாட்டிய பைபோலத் தொங்குகிறது. அவர் மனைவி மாடத்தி இறந்து பல வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. மேலநீலிதநல்லூரில் உள்ள அவருடைய வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆகவே எங்கள் முன்னறையில், ஜன்னலோரம், என் சாக்குக்கட்டும் பழைய தராசும் இருந்த மூலையைக் காலிசெய்து கட்டில் போட்டோம்.

அண்ணன் என்பவன் தங்கச்சி வீட்டுக்குச் சீர் கொண்டு வருகிறவன். தாம்பாளத்தோடு வரலாம், சாப்பிடலாம், வெற்றிலை போட்டுக்கொண்டு மாலை பஸ்ஸில் ஊர் திரும்பலாம். வெறுங்கையோடு வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். மச்சானுக்கு அதுதான் அறுத்தது. வாயைத் திறந்து சொல்லவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் அடிக்கடி சொன்னார். தீப்பெட்டியைப் பிடிக்க முடியாத கையோடு அந்தப் பூட்டிய வீட்டில் தனியாக இருந்தால் எத்தனை நாள் தாங்குவார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும் என்பதுதான் பொன்செல்வியின் பயம்.

அப்போதுதான் அவள் போனில் ஒரு வீடியோ பார்த்தாள். மும்பையோ பெங்களூரோ, ஒரு பெண் தன் வீட்டின் ஒரு மூலையைப் பயண மூலையாக மாற்றுகிறாள். வரைபடம், படங்கள், சின்னச் சின்னக் கோபுரங்கள், விளக்குச் சரம். அண்ணன் இந்தியா முழுக்கச் சுற்றியவர், நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் மனசு விட்டுப்போகிறது, ரோட்டை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் இருந்துவிடுவார் என்று அவளுக்குப் பட்டது. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் ரசூல் கடை.

வியாழக்கிழமை மச்சான் குளிக்கப் போன நேரத்தில் அவசர அவசரமாக எல்லாவற்றையும் மாட்டினோம். தலைமாட்டில் தாஜ்மகால், எதிரே காஷ்மீர், ஜன்னல் திட்டில் பூமி உருண்டையும் படகும். பாரிஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். மச்சான் கம்பை ஊன்றி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பொன்செல்வி விளக்குச் சரத்தைப் போட்டாள். அவள் முகம் சரத்தைவிட அதிகமாக மினுங்கியது.

ஆக்ராவுக்கு நம் காய் எத்தனை லோடு போயிருக்கும் மச்சான் என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

"போயிருக்கு" என்றார். தலைமாட்டுத் தாஜ்மகாலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பகல்ல லாரிய ஊருக்குள்ள விடமாட்டான் வே. பைபாஸ்லயே போயிருவோம். அங்கன ஒரு பஞ்சர் கடை உண்டும். ஆக்ரான்னா எனக்கு அந்தக் கடைதான். இத நான் பாத்ததே இல்ல."

காஷ்மீரையும் காட்டினார். "இதுவும் இல்ல. வண்டி ஓட்டி ஓட்டி நான் என்னெல்லாம் பாக்கலன்னு வரிசையா மாட்டி வச்சிருக்கீரு. நல்லாத்தான் இருக்கு." தங்கச்சி முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "கோவப்படலட்டி. நாளைக்கு நான் ஊருக்குப் போறேன். ஆட்டோக்குச் சொல்லிரு."

வியாபாரிகள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. எந்த ஊரில் எந்த மாதம் எலுமிச்சை என்ன விலைக்குப் போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சரக்கு போன ஊரையெல்லாம் மச்சான் பார்த்துவிட்டார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஆனால் வியாபாரிக்கு வேறொன்று தெரியும்: முடியாத பேரத்தை முறித்துக்கொள்ளக் கூடாது, தள்ளிப்போட வேண்டும். நாளை வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் வீட்டிலிருந்து யாரையும் வழியனுப்பக் கூடாது என்றேன். சரி, சனிக்கிழமை என்றார். நான் காலண்டரைக் கிழிக்காத குறையாகப் புரட்டினேன். சனிக்கிழமை கிழக்கே சூலம்; மேலநீலிதநல்லூர் கிழக்கே இருக்கிறது. டெல்லிக்கு என்னை அனுப்பும்போது நீர் ஒருநாளும் சூலம் பார்த்ததில்லையே என்றார் மச்சான். அது சரக்கு, இது ஆள் என்றேன். ஞாயிறு காலை என்று முடிவானது. அதற்குமேல் காலண்டரிலும் இடமில்லை.

பொன்செல்வி அன்று மாலையே எல்லாவற்றையும் கழற்றினாள். கோபத்தில் அல்ல, முள் குத்திய காலிலிருந்து முள்ளை எடுக்கிறவளைப்போல நிதானமாகக் கழற்றினாள். தாஜ்மகால் டிவி மேலே போனது. சுவர் வெறுமையானதும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து கேட்டாள்.

"நீ பாத்தது என்னண்ணே? அதச் சொல்லு."

அதுவரை அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். காய் எப்படி இருந்தது, எடை சரியாக இருந்ததா, வியாபாரி என்ன சொன்னான். மச்சான் சொல்லத் தொடங்கினார். மண்டி வாசல்களைச் சொன்னார், எடைமேடைகளைச் சொன்னார். ஊர்களைவிட ஆட்களைத்தான் அதிகம் சொன்னார். கர்னூல் தாண்டி ரோட்டோரம் மோர்ப்பானை வைத்துக்கொண்டு லாரிகளைக் கைகாட்டி நிறுத்தும் ஒரு பெரியவர். காசு நீட்டினால் திட்டுவாராம், தெலுங்கில் என்ன திட்டு என்றுகூடச் சொன்னார், இங்கே எழுத முடியாது. ஆதிலாபாத் ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி பின்னால் நழுவியபோது, எங்கிருந்தோ ஓடிவந்து டயருக்கு அடியில் கட்டையைச் செருகிவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்ட ஒருவன். பொன்செல்வி பயறு புடைப்பதை நிறுத்திவிட்டாள். நான் கடைக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஷேக் ஃபரீத்துக்குப் போன் செய்தேன். மச்சானிடம் கிளீனராக இருந்து தொழில் படித்தவன். இப்போது என் லாரியை ஓட்டுகிறவன் அவன்தான். வண்டி லோடுக்காகப் புளியங்குடியில் நின்றது. கேபினில் மச்சானுடைய சாமான் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டேன். சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கு இருக்கிறது, அண்ணாச்சி வந்து எடுத்துக்கொள்வார் என்று தொடாமல் வைத்திருக்கிறேன் என்றான். சனிக்கிழமை காலை சாக்கோடு வந்து சேர்ந்தான். மச்சான் காலைத் தொட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

சாக்கிலிருந்து முதலில் வந்தது ஒரு அலுமினிய டம்ளர். மோர்க்காரப் பெரியவர் கொடுத்தது. போகும்போது குடித்துவிட்டு வரும்போது திருப்பிக் கொடு என்றாராம். ஒருமுறை வரும்போது பானையும் இல்லை, பெரியவரும் இல்லை. அடுத்து அந்த மரக்கட்டை. ஒரு பக்கம் டயர் அழுத்திய தழும்பு. பிறகு டயரை நெம்பிக் கழற்றும் இரும்புப் பட்டை, டயர் லிவர். ஆக்ரா பைபாஸ் பஞ்சர் கடைக்காரன் கொடுத்தது. உன் லிவர் வளைந்திருக்கிறது, இதை வைத்துக்கொள் என்றானாம். பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று, மூலையில் விரிசலோடு. அடியில் மடித்து வைத்திருந்த சாம்பல் நிறக் கம்பளி.

கம்பளியை ஃபரீத் எடுத்ததும் மச்சான் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னார்.

அன்றைக்கு, கை நழுவிய அன்றைக்கு, எனக்குப் போன் செய்துவிட்டு வண்டியிலிருந்து இறங்க முயன்று கீழே விழுந்திருக்கிறார். எதிரே ஒரு தாபா. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். அவள் இந்தி, இவர் வாயில் எந்தப் பாஷையும் வரவில்லை. தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இந்தக் கம்பளியைப் போர்த்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை ஏதோ பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். தூங்கிவிடாதே என்று சொல்லியிருப்பாள் போல என்றார் மச்சான். ஆம்புலன்ஸ் போனபின் கம்பளியைக் கேபினில் வைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. மாற்று டிரைவராகப் போன ஃபரீத்துக்குத் தெரிந்திருந்தது: அந்த அம்மாளே மடித்துக் கொடுத்தாளாம், அவருக்குக் குளிரும் என்று சொல்லி.

எனக்குத் தெரிந்த கதை வேறு. மச்சான் போன் செய்தார், நான் ஃபரீத்தை ரயிலேற்றினேன், அவன் போய்ச் சேரும்வரை தெரிந்த நாக்பூர் வியாபாரி ஒருவர் ஆள் அனுப்பி வண்டியைப் பார்த்துக்கொண்டார், காய் கெடாமல் விற்றது. என் சாமர்த்தியம் என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். நடுவில் ஒரு அம்மாள் ரொட்டி கருகுவதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. அவள் இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போடலாம் என்றால், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வடக்கு எது என்று உடனே பிடிபடவில்லை. மச்சான்தான் கண்ணால் காட்டினார்.

அந்தச் சுவர் தெற்கு வடக்காக ஓடுவதை அப்போதுதான் பொன்செல்வி கவனித்தாள். அண்ணன் சொல்லச் சொல்ல ஆணி அடித்தோம். தெற்குக் கோடியில் கர்னூல் டம்ளர், அதற்கு வடக்கே ஆதிலாபாத் கட்டை, பிறகு நாக்பூர் கம்பளி, கடைசியில் ஆக்ரா லிவர். இடைவெளி சரியில்லை, ஆதிலாபாத்துக்கும் நாக்பூருக்கும் இவ்வளவு தூரம் கிடையாது என்று மச்சான் ஒரு ஆணியைப் பிடுங்கி வேறிடத்தில் அடிக்கச் சொன்னார். கண்ணாடியை ஃபரீத் ஜன்னல் கம்பியில் கட்டினான், கட்டிலிலிருந்து பார்த்தால் பின்பக்கம் தெருமுனையில் திரும்புகிற பஸ் தெரிகிற மாதிரி. தாபாவை நெருங்கும்போது வண்டியை மெதுவாக ஓட்டு, அந்த அம்மாளைப் பார்த்தால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லு என்றார் மச்சான். ஃபரீத் தலையாட்டினான்; அவனுக்கு இந்தி நன்றாக வரும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்தோம். ஞாயிறு காலை மச்சான் வேட்டி சட்டை மாற்றி, துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

பொன்செல்வி அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பேரம் முடித்துவிட்டுப் போம் என்றேன்.

என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் விலை வாயால் பேசமாட்டார்கள். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையோடு பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்கிறவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும். லாரி வாடகையை நானும் மச்சானும் அப்படித்தான் பேசுவோம், பக்கத்தில் ஆளே இல்லாவிட்டாலும். உறவுக்காரர்கள் பணத்தை வாயால் பேசினால் வார்த்தை தடிக்கும். விரலால் பேசினால் தடிக்காது. அதில் ஒருநாளும் அவர் என்னை முதலில் விலை சொல்ல விட்டதில்லை. அவர் விரலைத்தான் நான் முதலில் படிக்க வேண்டும்.

துண்டை விரித்தேன். இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருடம் இருப்பீர், அதைச் சொல்லும் என்றேன்.

மச்சான் ஆட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடது கையால் வலது கையைத் தூக்கித் துண்டுக்கு அடியில் வைத்தார்.

நல்ல கை பக்கத்திலேயே இருந்தது. அதை வைத்து ஒரு விரல் நீட்டியிருக்கலாம், எதுவும் நீட்டாமல் மடக்கியிருக்கலாம். ஒரு சொல்லும் சொல்லத் தெரியாத கையைக் கொடுத்தார். அது வெதுவெதுப்பாக, கனமாக, என் உள்ளங்கையில் கிடந்தது. இரண்டு பக்கத்து விலையும் என் கையில். பிறந்ததிலிருந்து வியாபாரிகளுக்கு நடுவே கிடக்கிறேன். யாரும் எனக்கு இப்படி ஒரு பேரத்தைத் திறந்து கொடுத்ததில்லை.

ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். விட்டுவிட்டு மறுபடி ஐந்தையும் பிடித்தேன். மறுபடியும் பிடித்தேன்.

"வாங்குதவன் குறைக்கணும் வே" என்றார் மச்சான். "நீரு ஏத்திக்கிட்டே போறீரு."

"சரக்கு அப்படி, மச்சான்."

அவர் சிரித்தார்; வாயின் ஒரு பக்கம் மட்டும் போகும் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. "ஒரு கண்டிசன். சும்மா உக்காந்து திங்க மாட்டேன். சுவத்துல கெடக்கது என் சாமான். அத என் தங்கச்சிக்குச் சீராக் கொடுக்கேன். வாங்கிக்கிட்டான்னா இருக்கேன்."

பொன்செல்வி அடுக்களை வாசலில்தான் நின்றிருந்திருக்கிறாள். உள்ளே போய்த் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் எடுத்து வந்தாள். ஆணியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, ஜன்னல் கம்பியிலிருந்து கண்ணாடியையும் அவிழ்த்து, நான் மச்சான் கையில் கொடுத்தேன். அவர் இடது கையால் வாங்கி, வலது கையை அதன்மேல் தூக்கி வைத்து, தாம்பாளத்தில் இட்டார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினாள் அவள். கல்யாணத்தன்று வாங்கினாளே பட்டுப்புடவை, அதைக்கூட அவள் இப்படி வாங்கி நான் பார்த்ததில்லை. டயர் லிவருக்கும் குங்குமம் வைத்தாள்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். காத்திருந்த நேரத்துக்குச் சேர்த்துக் கேட்டார். ஆள் ஏறவே இல்லையே என்று நான் தொடங்கினேன். ஏறாததுக்குத்தான் அண்ணாச்சி கூடுதல், மேலநீலிதநல்லூரில் ரிட்டன் சவாரி பேசி வைத்திருந்தேன் என்றார். பேரத்தில் அவர்தான் ஜெயித்தார். ஒரே காலையில் எல்லாவற்றையும் நானே ஜெயிக்க முடியாது.

சீர் என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாராவது நாலு பேர் காதில் விழச் சொல்லி ஏற்ற வேண்டும். நாலு பேர் இல்லை, மூன்று பேர்தான் இருந்தோம். நான் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, உரக்கச் சொன்னேன்.

மேலநீலிதநல்லூர் கருத்தப்பாண்டி, தங்கச்சி பொன்செல்விக்குச் செய்த சீர் வரவு: டம்ளர் ஒன்று, கட்டை ஒன்று, கம்பளி ஒன்று, லிவர் ஒன்று, கண்ணாடி ஒன்று, டெல்லிக்குக் கெடாமல் போய்ச் சேர்ந்த எலுமிச்சை அத்தனை மூட்டையும். மாப்பிள்ளை வீட்டார் திருப்பிச் செய்தது: ஜன்னலோரம் ஒரு மூலை. பாக்கி, பேச்சிராஜ் பேரில்.